கட்டணமில்லா பஸ் வந்தது, நேரத்துக்கு வருகிறதா?

பட்டுக்கும் கோயிலுக்கும் பெயர் பெற்ற காஞ்சிபுரத்தைச் சுற்றி ஏரிப்பாசன கிராமங்கள் நிறைய. விடியற்காலையில் கீரைக்கட்டு, கத்திரி, பூக்கூடையோடு டவுனுக்கு வருபவர்களில் பெண்கள் அதிகம். அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை போன்ற ஊர்களின் நெசவுக் குடும்பங்களும் பட்டு, ஜரிகை வாங்கவும் நெய்த சேலையைக் கொடுக்கவும் டவுனுக்குத்தான் வர வேண்டும். இவர்கள் எல்லோருக்கும் பஸ் கட்டணம் என்பது தினசரி சாகுபடிச் செலவு மாதிரிதான்.

2021 மே 8 முதல் அரசு சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பின்னர் திருநங்கைகள், மாற்றுத்திறனாளிகள், அவர்களுடன் செல்லும் உதவியாளர் ஆகியோருக்கும் இது விரிந்தது. இப்போது ‘விடியல் பயணம்’ என்று பெயர்.

கையில் நிற்பது எவ்வளவு?

இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. 2023 செப்டம்பர் 15-ல் காஞ்சிபுரத்தில் தொடங்கிவைக்கப்பட்ட மகளிர் உரிமைத்தொகை மாதம் 1,000 ரூபாய். ஏறக்குறைய அதற்கு இணையான தொகை பஸ்ஸிலேயே மிச்சம்.

கணக்குப் போட்டால் எளிதில் புரியும். போக 15, வர 15 என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 30 ரூபாய். 26 நாளைக்கு 780 ரூபாய். 200 ரூபாய்க்குக் கீரை விற்பவருக்கு, விற்றதில் ஏழில் ஒரு பங்கு பஸ்ஸுக்கே போயிருக்கும்.

எதிர்ப்புக் குரல்கள்

செலவு பெரிது என்பது முதல் வாதம். கழகங்களுக்கு ஈடு கட்ட 2023-24 பட்ஜெட்டில் 2,800 கோடி ரூபாயும், 2025-26-ல் 3,600 கோடியும் ஒதுக்கப்பட்டன. இந்தப் பணத்தில் புது பஸ் வாங்கலாமே என்கிறார்கள். ஏழை ஆண் விவசாயி மட்டும் ஏன் டிக்கெட் எடுக்க வேண்டும் என்பது இரண்டாவது. உள்ளூர்க் கூலிப்பெண்கள் வெளியூர் வேலைக்குப் போய்விட்டால் நவரை நடவுக்கு ஆள் எங்கே என்பது மூன்றாவது.

மூன்றாவது கவலைக்கு மறுபக்கமும் உண்டு. பஸ் ஏறிப் போகும் ஆள், பஸ் ஏறி வரவும் முடியும். நடவும் களையும் ஊருக்கு ஊர் முன்பின்னாக வருவதால், பக்கத்து ஊர் ஆட்களை அழைக்கவும் இதே பஸ் உதவும். கூலி கொஞ்சம் கூடலாம். ஆனால் ஒரே ஊரில் அடைபட்டுக் குறைந்த கூலிக்கு வேலை செய்தவருக்கு அது நியாயமான கூடுதல்தான்.

‘ஓசிப் பயணம்’ என்ற ஏச்சு விவசாயிக்குப் புதிதல்ல. 1990 முதல் பம்புசெட்டுக்குக் கட்டணமில்லா மின்சாரம் கிடைக்கிறது. அன்றிலிருந்து இதே சொல்லைக் கேட்டாயிற்று. கைத்தறி நெசவாளருக்கும் இரு மாதத்துக்கு 300 யூனிட் கட்டணமில்லை. விளைச்சலுக்கும் உழைப்புக்கும் கொடுக்கும் தாங்கலை ஓசி என்பது சரியல்ல.

வெளியூர் அனுபவம்

எஸ்டோனியா நாட்டின் தாலின் நகரம் 2013-ல் குடியிருப்போருக்குக் கட்டணத்தை நீக்கியது. பஸ்ஸுக்கு மாறியவர்களில் முன்பு நடந்து போனவர்களே அதிகம். கார் ஓட்டியவர்கள் பெரிதாக மாறவில்லை. லக்சம்பர்க் 2020-ல் நாடு முழுவதும் எல்லோருக்கும் கட்டணத்தை எடுத்தது. நம் நாட்டில் டெல்லி 2019-லும், கர்நாடகம் 2023 ஜூனிலும் பெண்களுக்கு இதைத் தொடங்கின. அங்கே காரைக் குறைப்பது நோக்கம். இங்கே பெண்ணை வீட்டை விட்டு வேலைக்கும் சந்தைக்கும் கொண்டுவருவது. ஆகவே அந்த ஊர் முடிவை வைத்து இங்கே தீர்ப்புச் சொல்ல முடியாது.

உண்மையான சிக்கல்

மும்முனை மின்சாரம் நடுராத்திரியில் வந்தால் கட்டணமில்லாவிட்டாலும் பயிர் காயும். பஸ்ஸும் அப்படித்தான். சந்தை விடியலில் கூடுகிறது. முதல் பஸ் எட்டு மணிக்கு என்றால் கீரை வாடிவிடும். ஷேர் ஆட்டோவுக்குக் காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும். டவுன் பஸ் போகாத தடத்தில், புறநகர் பஸ்ஸிலோ தனியார் மினி பஸ்ஸிலோ ஏறும் பெண்ணுக்கு இந்தச் சலுகையே கிடையாது. ஆக, ‘கட்டணம் வேண்டுமா, வேண்டாமா’ என்ற சண்டையைவிட ‘எத்தனை நடை, எத்தனை மணிக்கு’ என்ற கேள்விதான் கிராமத்துக்கு முக்கியம்.

செய்ய வேண்டியவை

* காசு இல்லையென்றாலும் கட்டணமில்லாச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அந்தக் கணக்கை வைத்துத்தான் அரசு கழகத்துக்குப் பணம் தருகிறது. சீட்டு வாங்காத தடம் ஆளில்லாத தடமாகவே தெரியும்.
* சலுகை ஆளுக்குத்தான். அளவுக்கு மேற்பட்ட சுமைக்கு லக்கேஜ் கட்டணம் உண்டு.
* சந்தை நேரத்துக்கு பஸ் வேண்டும் என்று கிராமசபையில் தீர்மானம் போடுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராமசபை கூடும்.
* தீர்மான நகலோடு, மாதந்தோறும் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க் கூட்டத்தில் மனு கொடுங்கள். தடம், நேரம், ஏறும் பெண்களின் எண்ணிக்கை மூன்றையும் எழுதுங்கள்.

உரமும் விதையும் மட்டும் அந்தக் கூட்டத்தின் பேச்சல்ல. விளைந்ததை வாடாமல் சந்தையில் சேர்க்கும் பஸ்ஸும் விவசாய விஷயம்தான்.