இரட்டைக் கலப்பிகளின் ஒத்திசைவு

பழைய விரைவு மகிழுந்து ஒன்றின் பொறி நலமாக உள்ளதா என அறிய, பத்தாங் காலியிலிருந்து கெந்திங் மலைக்கு ஏறும் சாலையைவிடக் கடுமையான தேர்வுக்களம் நம் வட்டாரத்தில் இல்லை. அத்தேர்வுக்கு மகிழுந்தை ஆயத்தப்படுத்தும் முறையை இங்கு விளக்குகிறோம்.

கார்புரேட்டரை நாம் கலப்பி என்போம். காற்றையும் பெட்ரோலையும் உரிய அளவில் கலந்து தருவது அதன் பணி. 1 பங்கு பெட்ரோல் முற்றும் எரிய, எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். பெட்ரோல் மிகுந்தால் செறிந்த கலவை. குறைந்தால் மெலிந்த கலவை. 1963இல் வெளிவந்த மினி கூப்பர் எஸ் மகிழுந்தில் இரண்டு எஸ்.யூ. கலப்பிகள் உள்ளன, 1961இல் வெளிவந்த ஜாகுவார் இ-டைப்பில் மூன்று. கலப்பிகள் பலவானால் பொறி தாராளமாக மூச்சு வாங்கும். ஆனால், அவை ஒன்றுபோல் இயங்க வேண்டும். இல்லையேல் பொறி நடுங்கும். மெலிந்த கலவை பெறும் உருளை மேட்டில் அளவுமீறிச் சூடேறிப் பழுதடையும்.

முதலில் வால்வு இடைவெளியும் தீப்பொறி நேரமும் சரிபார்க்கப்பட வேண்டும். அவை பிழையாயின் கலப்பியைத் திருகிப் பயனில்லை. பொறி நன்கு சூடேறிய பின், இரு கலப்பிகளையும் இணைக்கும் தண்டின் பிடிகளைத் தளர்த்துகிறோம். ஒரு ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கலப்பியின் வாயிலும் வைத்தால் காற்று சீறும் ஓசை கேட்கும். இரு சீறலும் ஒத்து ஒலிக்கும்வரை வேகத் திருகுகளைச் சிறிது சிறிதாகத் திருப்புகிறோம்.

அடுத்தது கலவை. கலப்பியினுள் ஏறியிறங்கும் அடைப்பை ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் உயர்த்துகிறோம். பொறியின் வேகம் கூடி அப்படியே நின்றால் கலவை செறிந்தது. தளர்ந்து நிற்கப் பார்த்தால் மெலிந்தது. கணநேரம் சற்றே கூடிப் பழைய நிலைக்கு மீண்டால் சரியானது. அடியிலுள்ள ஆறுமுக மரையை மேலேற்றினால் கலவை மெலியும், கீழிறக்கினால் செறியும். ஒன்றைத் திருத்தினால் மற்றதும் மாறுமாதலால் இரண்டையும் மீண்டும் மீண்டும் சோதிக்கிறோம். இறுதியில் இரண்டும் ஒரே நொடியில் திறக்குமாறு பிடிகளை இறுக்குகிறோம்.

மலையேறுகையில் வேறொரு மாற்றம் நிகழ்கிறது. 1,700 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 6இல் ஒரு பங்கு குறைகிறது. அதனால் அடிவாரத்தில் சரியாயிருந்த கலவை உச்சியில் செறிவாகிவிடுகிறது. அதற்கென அடிவாரத்திலேயே கலவையை மெலியச் செய்வது தவறு. செறிவு ஆற்றலைக் குறைக்கும். மெலிவோ பொறியையே எரிக்கும்.

இக்கால மகிழுந்துகளில் இப்பணியைக் கணினி செய்கிறது. சீறலை ஒப்பிட்டறியும் செவிகள் பட்டறைகளில் குறைந்து வருகின்றன. அவர்களது அறிவு பெரும்பாலும் வாய்மொழியாகவே வாழ்கிறது. மாணவர்கள் அருகிலுள்ள பட்டறைக்குச் சென்று, கைவினைஞர் வழங்கும் சொற்களையும் செய்முறையையும் தமிழில் எழுதிவர ஆசிரியர்கள் வழிகாட்ட வேண்டுகிறோம். கலப்பி, செறிவு, மெலிவு ஆகிய சொற்களை அவர்களிடமே சொல்லிப் பார்க்கட்டும். அவர்களுக்கு விளங்கினால்தான் அவை கலைச்சொற்களாக நிலைக்கும்.