உங்க கடை வெப்சைட்டின் பெயர் உண்மையில் யார் பெயரில் இருக்கு? டொமைன் பதிவு எப்படி நடக்கிறது? முழு விளக்கம்!

2024 அக்டோபர். ஜியோ சினிமாவும் டிஸ்னி ஹாட்ஸ்டாரும் ஒன்றாகப் போகின்றன என்ற பேச்சு அடிபட்டுக் கொண்டிருந்த நேரம். 'ஜியோஹாட்ஸ்டார் டாட் காம்' என்ற முகவரியைத் திறந்து பார்த்தவர்களுக்கு ஒரு ஷாக். அங்கே கிரிக்கெட்டும் இல்லை, சீரியலும் இல்லை. டெல்லியைச் சேர்ந்த ஆப் டெவலப்பர் ஒருவர் எழுதிய கடிதம் மட்டும்தான் இருந்தது.

"இந்தப் பெயரை நான் முன்னாடியே பதிவு செஞ்சு வெச்சிருக்கேன். கேம்பிரிட்ஜில் படிக்க என் கட்டணத்தைக் கொடுத்தால், பெயரைக் கொடுத்துடறேன்" என்பதுதான் அந்தக் கடிதத்தின் சாரம். பிறகு அந்தப் பெயர் துபாயில் வசிக்கும் ஒரு அண்ணன், தங்கையின் கைக்குப் போனது. இலவசமாகவே கொடுக்கத் தயார் என்று அவர்கள் அறிவித்தார்கள்.

நாட்டின் மிகப்பெரிய நிறுவனங்களில் ஒன்று நாளை வைக்கப்போகும் பெயரை, தனி ஆள் ஒருவர் எப்படி முன்கூட்டியே எடுக்க முடிந்தது? அதற்கான பதிலில், ஆன்லைனில் கடை வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது.

டொமைன் என்றால் என்ன?

இணையத்தில் இருக்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு எண் உண்டு. அதன் பெயர் ஐபி முகவரி. நாம் பார்க்கும் வெப்சைட்டும் எங்கோ ஒரு கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. ஆனால் அந்த எண்களை எல்லாம் யாராலும் மனப்பாடம் செய்ய முடியாது. போனில் நம்பரை 'அம்மா', 'கேஸ் ஏஜென்சி' என்று பெயர் போட்டு சேவ் பண்ணுகிறோம் இல்லையா? அதே கதைதான். எண்ணுக்குப் பதிலாக நாம் டைப் செய்யும் பெயர்தான் டொமைன்.

இணையத்தின் ஆரம்ப காலத்தில், இந்தப் பெயர்களும் எண்களும் ஒரே ஒரு ஃபைலில்தான் எழுதப்பட்டிருந்தன. அமெரிக்காவில் ஒரு ஆராய்ச்சி மையம் அதைப் பராமரித்து வந்தது. கம்ப்யூட்டர்கள் பெருகப் பெருக, அந்த ஒரு ஃபைல் தாங்கவில்லை. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் என்ற விஞ்ஞானி 'டிஎன்எஸ்' என்ற புதிய முறையை வடிவமைத்தார். 1985 மார்ச் 15 அன்று முதல் டாட் காம் பெயர் பதிவானது. 'சிம்பாலிக்ஸ் டாட் காம்' என்பதுதான் அது.

நீங்க டைப் செஞ்சதும் என்ன நடக்குது?

ஒரு முகவரியை டைப் செய்து தட்டுகிறீர்கள். உங்க போன் முதலில் உங்க நெட்வொர்க் நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வரிடம் "இவங்க எண் என்ன?" என்று கேட்கும். அதற்கு ஏற்கெனவே தெரிந்திருந்தால் உடனே சொல்லிவிடும். தெரியாவிட்டால் விசாரணை தொடங்கும்.

முதல் கதவு, ரூட் சர்வர். ஏ முதல் எம் வரை 13 பெயர்களில் இவை இயங்குகின்றன. இவற்றின் பிரதிகள் உலகம் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் இருக்கின்றன. "டாட் காம் பெயரா? அந்தப் பக்கம் போய்க் கேளு" என்று ரூட் சர்வர் கைகாட்டும். அடுத்தது டாட் காம் சர்வர். அது "இந்தப் பெயரின் விவரம் இந்த சர்வரில் இருக்கு" என்று வழி சொல்லும். மூன்றாவதாக அந்த சர்வர்தான் சரியான எண்ணைக் கொடுக்கும். இத்தனையும் பெரும்பாலும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். கம்ப்யூட்டர் எப்போதும் பெயரை வலமிருந்து இடமாகத்தான் படிக்கும். முதலில் 'காம்' அல்லது 'இன்', அப்புறம் அதற்கு முன்னால் இருக்கும் பெயர். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

பெயரைக் கொடுப்பது யார்?

இந்த அமைப்பின் உச்சியில் இருப்பது 'ஐகான்'. 1998-ல் தொடங்கப்பட்ட, அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பதிவான லாப நோக்கமற்ற அமைப்பு இது.

அடுத்த படி 'ரெஜிஸ்ட்ரி'. ஒவ்வொரு முடிவுப் பெயருக்கும் ஒரு ரெஜிஸ்ட்ரி உண்டு. டாட் காம் பட்டியலை வெரிசைன் என்ற நிறுவனம் பராமரிக்கிறது. நம்ம டாட் இன் பட்டியல், நிக்ஸி என்று அழைக்கப்படும் இந்திய தேசிய இணையப் பரிமாற்ற அமைப்பிடம் இருக்கிறது. இரண்டு எழுத்தில் முடிபவை எல்லாம் நாடுகளுக்கோ பகுதிகளுக்கோ ஒதுக்கப்பட்டவை. டாட் எல்கே இலங்கைக்கு. பல சேனல்கள் விரும்பி எடுக்கும் டாட் டிவி, பசிபிக் கடலில் இருக்கும் துவாலு என்ற குட்டித் தீவு நாட்டுக்குச் சொந்தமானது. தமிழ் எழுத்திலேயே டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் என்ற முடிவுகளும் இருக்கின்றன.

மூன்றாவது படி 'ரெஜிஸ்ட்ரார்'. கோடாடி, நேம்சீப், ஹோஸ்டிங்கர் போன்ற நிறுவனங்கள் இவை. நமக்கு நேரடியாகப் பெயரை விற்பது இவர்கள்தான். நீங்க ஒரு பெயரைத் தேடி பணம் கட்டினால், ரெஜிஸ்ட்ரார் அதை ரெஜிஸ்ட்ரியின் பட்டியலில் சேர்ப்பார். அவ்ளோதான் பதிவு.

பட்டியலில் பெயர் காலியாக இருக்கிறதா என்பது மட்டும்தான் பொதுவாகப் பார்க்கப்படும். உங்களுக்கு அந்தப் பெயரில் கடை இருக்கா, கம்பெனி இருக்கா என்று யாரும் கேட்க மாட்டார்கள். முந்தியவருக்கே பெயர். ஜியோஹாட்ஸ்டார் விஷயத்தில் நடந்ததும் இதுதான்.

'வாங்கிட்டேன்' என்பது தப்பு!

"டொமைன் வாங்கிட்டேன்" என்று எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் யாரும் டொமைனை வாங்குவதில்லை. வாடகைக்குத்தான் எடுக்கிறோம். டாட் காம் பெயரைக் குறைந்தது ஒரு வருடம், அதிகபட்சம் 10 வருடம் வரை ஒரே நேரத்தில் பதிவு செய்யலாம். அதன்பிறகு புதுப்பிக்க வேண்டும்.

சிம் கார்டை நினைத்துப் பாருங்க. நம்பர் உங்களுடையது மாதிரி இருக்கும். ஆனால் ரீசார்ஜ் பண்ணாமல் விட்டால், கொஞ்ச நாளில் அது வேறு யாருக்கோ போய்விடும். டொமைனும் அப்படியே. நம்பரை மாற்றாமல் வேறு நெட்வொர்க்குக்கு மாறுவது போல, பெயரை மாற்றாமல் வேறு ரெஜிஸ்ட்ராருக்கும் மாறலாம். அதற்கு ரெஜிஸ்ட்ராரிடம் ஒரு ரகசியக் கோடு வாங்க வேண்டும். புதிதாகப் பதிவு செய்த டாட் காம் பெயரை பொதுவாக முதல் 60 நாட்களுக்கு மாற்ற முடியாது.

சிம் விஷயத்தில் இன்னொன்றும் நமக்குத் தெரியும். சிம் யார் பெயரில் இருக்கோ, அவர்தான் உரிமையாளர். எத்தனை வருஷம் நீங்க பயன்படுத்தினாலும் சரி. சிறு வியாபாரிகள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

கடை உங்களுடையது, பெயர் டெவலப்பருடையது?

மதுரையில் ஒரு ஜவுளிக்கடை என்று வைத்துக்கொள்வோம். உரிமையாளருக்குக் கம்ப்யூட்டர் பழக்கம் இல்லை. தெரிந்த பையன் ஒருவரிடம் "ஒரு வெப்சைட் போட்டுக் கொடு தம்பி" என்று பணம் கொடுக்கிறார். அந்தப் பையன் தன்னுடைய அக்கவுன்ட்டில், தன்னுடைய இமெயிலைக் கொடுத்து டொமைனைப் பதிவு செய்துவிடுகிறார். கெட்ட எண்ணமே இல்லை, வேலை சீக்கிரம் முடியணும் என்பதற்காகத்தான்.

நான்கு வருடம் கழித்து அந்தப் பையன் வேலைக்காக வெளிநாடு போகிறார். போன் நம்பர் மாறுகிறது. புதுப்பிக்கச் சொல்லி வரும் மெயில் எல்லாம் அவருடைய பழைய இமெயிலுக்குப் போகிறது. ஒருநாள் கடை வெப்சைட் திறக்கவில்லை. அதே பெயரில் இயங்கிய கடை இமெயிலும் நின்றுவிட்டது. விசிட்டிங் கார்டு, பில் புக், கடை போர்டு எல்லாவற்றிலும் அந்தப் பெயர்தான்.

ரெஜிஸ்ட்ராரைக் கூப்பிட்டால், "பதிவில் இருப்பவர்தான் பேச வேண்டும்" என்பார்கள். பணம் கொடுத்தது நான்தான் என்பதை நிரூபிக்க உரிமையாளர் அலைய வேண்டியதுதான்.

புதுப்பிக்க மறந்தால் என்ன ஆகும்?

ஐகான் விதிப்படி, பதிவு முடிவதற்கு முன் ரெஜிஸ்ட்ரார் குறைந்தது இரண்டு முறை நினைவூட்ட வேண்டும். சுமார் ஒரு மாதம் முன்பு ஒன்று, சுமார் ஒரு வாரம் முன்பு இன்னொன்று. கெடு தாண்டிய பிறகும் ஐந்து நாட்களுக்குள் ஒரு தகவல் வர வேண்டும்.

கெடு முடிந்ததும் பெயர் உடனே பறிபோகாது. டாட் காம் பெயர்களுக்குப் பொதுவாக மூன்று கட்டங்கள் உண்டு. முதல் கட்டம் அதிகபட்சம் 45 நாள் வரை நீளலாம். இதில் எத்தனை நாள் அவகாசம் தருவது என்பது ரெஜிஸ்ட்ராரைப் பொறுத்தது. சில ரெஜிஸ்ட்ரார்கள் இந்தக் காலத்திலேயே பெயரை ஏலத்துக்கும் விட்டுவிடுவார்கள். இரண்டாவது கட்டம் 30 நாள். இதில் மீட்கலாம், ஆனால் அபராதம் மாதிரி பெரிய தொகை கட்ட வேண்டும். மூன்றாவது கட்டம் 5 நாள். இதில் யாராலும் எதுவும் செய்ய முடியாது. அது முடிந்ததும் பெயர் மறுபடி சந்தைக்கு வந்துவிடும். நல்ல பெயர்களைப் பிடிப்பதற்கென்றே தானியங்கி புரோகிராம்களோடு காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

"பெரிய கம்பெனிக்கெல்லாம் இப்படி நடக்குமா?" என்று கேட்டால், நடந்திருக்கிறது. 1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 'பாஸ்போர்ட் டாட் காம்' என்ற பெயரைப் புதுப்பிக்கத் தவறியது. ஹாட்மெயில் லாக்-இன் அந்தப் பெயரை நம்பித்தான் இயங்கியது. பலரால் மெயில் பார்க்க முடியவில்லை. கடைசியில், நிறுவனத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு அமெரிக்க புரோகிராமர் தன் கிரெடிட் கார்டில் 35 டாலர் கட்டிப் பிரச்னையைத் தீர்த்தார்.

என் பெயரை வேறு ஒருவர் எடுத்துவிட்டால்?

வழி இருக்கிறது, ஆனால் செலவும் இருக்கிறது. டாட் காம் போன்ற பெயர்களுக்கு 'யூடிஆர்பி' என்ற தகராறு தீர்வு முறை 1999 முதல் இருக்கிறது. ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பில் இதற்கான புகார் கொடுக்கலாம். ஒரு நடுவர் மட்டும் விசாரிக்க, ஐந்து பெயர்கள் வரை 1,500 டாலர் கட்டணம். அந்தப் பெயரில் உங்களுக்கு டிரேட்மார்க் உரிமை இருக்கிறது, எதிர்த்தரப்புக்கு நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு பதிவு செய்து பயன்படுத்துகிறார் என்ற மூன்றையும் நிரூபிக்க வேண்டும். டாட் இன் பெயர்களுக்கு நிக்ஸியின் கீழ் தனி நடைமுறை உள்ளது.

இந்தியாவில் இதற்கு வழிகாட்டிய வழக்கு சென்னையைச் சேர்ந்த ஒரு நிறுவனத்தினுடையது. 'சிஃபி' என்ற பெயரில் இயங்கிய சத்யம் இன்ஃபோவே, 'சிஃபிநெட்' என்ற பெயரைப் பயன்படுத்திய நிறுவனத்துக்கு எதிராக வழக்குத் தொடுத்தது. 2004-ல் உச்ச நீதிமன்றம் சிஃபிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. டிரேட்மார்க்குக்கு உள்ள பாதுகாப்பு டொமைன் பெயருக்கும் உண்டு என்பதை அந்தத் தீர்ப்பு உறுதி செய்தது.

வெப்சைட் இல்லாதவர்களுக்கும் இது ஏன் முக்கியம்?

யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரையும் எடுக்கலாம் என்பதுதான் மோசடிக்காரர்களின் ஆயுதம். "உங்க கேஒய்சி முடிந்துவிட்டது" என்று வரும் லிங்க்கில், முன்னால் உங்க வங்கியின் பெயர் இருக்கும். அதற்குப் பிறகு ஒரு புள்ளி, அப்புறம் அறிமுகமே இல்லாத ஒரு பெயர், கடைசியில் டாட் காம். நாம் முன்னால் இருப்பதை மட்டும் பார்த்து நம்பிவிடுகிறோம். ஆனால் கம்ப்யூட்டர் வலமிருந்து படிக்கிறது. டாட் காமுக்கு ஒட்டி முன்னால் இருக்கும் பெயர் யாருடையதோ, அவருடைய வெப்சைட்தான் அது.

இதைத் தடுக்கத்தான் ரிசர்வ் வங்கி, இந்திய வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' என்ற முடிவுக்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டது. இந்த முடிவை ரிசர்வ் வங்கி உருவாக்கிய ஐடிஆர்பிடி நிறுவனம் மட்டும்தான் பதிவு செய்து கொடுக்கும். மோசடிக்காரர்கள் போய் வாங்க முடியாது. அதனால், வங்கியின் லிங்க் என்றால் ஸ்லாஷ் கோட்டுக்கு முன்னால் கடைசியில் 'டாட் பேங்க் டாட் இன்' இருக்கிறதா என்று பாருங்கள். அரசு வெப்சைட் என்றால் 'டாட் கவ் டாட் இன்' இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்றே செய்ய வேண்டியவை

* உங்க டொமைன் எந்த ரெஜிஸ்ட்ராரிடம், எந்தத் தேதி வரை இருக்கிறது என்று பாருங்கள். ஐகானின் 'லுக்கப் டாட் ஐகான் டாட் ஆர்க்' பக்கத்தில் இலவசமாகத் தெரியும். உரிமையாளர் பெயர் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும். அதை ரெஜிஸ்ட்ரார் அக்கவுன்ட்டுக்குள்தான் பார்க்க முடியும்.

* அந்த அக்கவுன்ட்டின் லாக்-இன் உங்க கையில் இருக்கிறதா? பதிவில் உங்க பெயர், உங்க இமெயில், உங்க போன் நம்பர் இருக்கிறதா? இல்லையென்றால், டெவலப்பர் நல்ல தொடர்பில் இருக்கும்போதே மாற்றி வாங்குங்கள்.

* தொடர்பு இமெயிலாக அதே டொமைனில் இயங்கும் இமெயிலைக் கொடுக்காதீர்கள். பெயர் முடங்கினால் அந்த மெயிலும் முடங்கும், நினைவூட்டலும் வராது.

* ஆட்டோ ரினியூவலைப் போடுங்கள். கூடவே கார்டு காலாவதி ஆகவில்லையா என்றும் பாருங்கள்.

* முதல் வருடச் சலுகை விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள். இரண்டாம் வருடம் எவ்வளவு என்று முன்பே கேளுங்கள்.

* டொமைன் லாக்கையும் இரண்டு அடுக்குப் பாதுகாப்பையும் ஆன் செய்து வையுங்கள்.

கடைக்கு வாடகை ஒப்பந்தம் போடும்போது யார் பெயரில் போடுகிறோம் என்று ஒன்றுக்கு இரண்டு முறை பார்ப்போம் இல்லையா? ஆன்லைன் கடையின் பெயருக்கும் அதே கவனம் வேண்டும். அந்த லாக்-இன் இப்போ யாரிடம் இருக்கு? தெரியவில்லை என்றால், முதல் போன் உங்க டெவலப்பருக்குப் போடுங்கள்.