மடக்குப் பந்தல் வாங்குமுன்

பாஞ்சாலங்குறிச்சி வீரசக்கதேவி கோயில் திருவிழா மே மாத வெயிலில் வருகிறது. அங்கும் சந்தைகளிலும் கடை போடும் வணிகர்கள், மடக்குப் பந்தல் வாங்குமுன் சிலவற்றைக் கவனிப்பது நலம்.

முதலாவது காற்று. கயத்தாறு காற்றாலைகளைச் சுழற்றும் ஆடிக் காற்று நம்மையும் விடாது. கரிசல் மண் கோடையில் வெடிக்கும், மழையில் குழையும். இரண்டிலும் முளை நிற்காது. காலுக்கு 20 கிலோ மணல் மூட்டையாவது கட்ட வேண்டும். பலத்த காற்றில் மடக்கிவிடுவதே பத்திரம்.

அலுமினியச் சட்டம் தூக்க எளிது, துருப்பிடிக்காது. இரும்பு கனம், விலை குறைவு.

நீலக் கூரையின் சாயல் சரக்கின்மேல் விழும். ஜவுளிக்கு வெள்ளையே ஏற்றது. ஐப்பசி மழையில் கூரையில் தேங்கும் நீரை உடனே தள்ளிவிடவேண்டும். இல்லையேல் சட்டம் வளையும்.

ஆண்டுக்கு ஓரிரு திருவிழா மட்டும் எனில் வாடகைப் பந்தலே போதும். வாரந்தோறும் சந்தைக்குச் செல்வோருக்கே சொந்தப் பந்தல் கட்டுப்படியாகும் என்பது நம் கருத்து.