கோடைக்கு ஒரு கடிகாரம்

லண்டன் மாநகரில் ஜூன் மாதத்துப் பிற்பகுதியில், கிரீன்விச் கணக்கின்படி, அதிகாலை மூன்றே முக்கால் மணிக்கே சூரியோதயம் ஆகிவிடுகிறது. ஏழு மணிக்கு எழுந்து பழகிய ஜனங்களுக்கோ, அந்த மூன்று மணி நேரத்துப் பிரகாசமும் சாத்திய சாளரங்களுக்கு வெளியே வீணாகக் கழிகிறது. இதைக் கண்டு மனம் பொறாதவர், வீடுகள் கட்டும் தொழிலை நடத்திய வில்லியம் வில்லெட். விடியற்காலையில் குதிரையேறி உலாவும் வழக்கமுடைய அவர், 1907-ஆம் ஆண்டில் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டு, ஏப்ரல் மாதத்து நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் இருபது இருபது நிமிஷமாகக் கடிகாரத்தை முன்னே தள்ளிச் செப்டம்பரில் அவ்வாறே பின்னே இழுத்துக்கொண்டால், மனிதர் தம் அன்றாட நியமங்களில் ஒன்றையும் மாற்றாமலே சூரியனோடு எழலாம், மாலையில் விளக்கேற்றும் வேளையையும் ஒத்திப்போடலாம் என்று வாதாடினார்.

அவர் 1915-இல் காலமாகும் வரையில் பார்லிமெண்டு இணங்கவில்லை. மறு ஆண்டே, யுத்த காலத்தில் நிலக்கரியை மிச்சப்படுத்தவேண்டிய நிர்ப்பந்தத்தால் ஜெர்மனி ஏப்ரல் 30 அன்று கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே வைக்க, பிரிட்டனும் மே 21 அன்று அதே வழியை மேற்கொண்டது.

இன்று அங்கே மார்ச் மாதத்துக் கடைசி ஞாயிறன்று, நள்ளிரவு கடந்து மணி ஒன்றானதும் முள்ளை இரண்டுக்கு நகர்த்துகிறார்கள். அந்த நாளுக்கு 23 மணி நேரமே ஆயுள். அக்டோபர் மாதத்துக் கடைசி ஞாயிறன்று இரண்டு மணி மறுபடியும் ஒன்றாக்கப்படுவதால், ஒன்றரை மணி என்பது ஒரே இரவில் இரு முறை வந்துபோகிறது. வில்லெட்டின் படிப்படியான ஏற்பாடு உடலுக்கு இதமாயிருந்திருக்கும் என்றே நான் எண்ணுகிறேன். ஆயினும் ரயில் அட்டவணைகளை ஆண்டுக்கு எட்டு முறை திருத்துவது எந்த தேசத்துக்கும் சாத்தியமன்று. குடியானவர்களின் ஆட்சேபமும் நியாயமானதே: அறுத்துக் கிடக்கும் புல்லின்மேல் படிந்த பனி, கடிகாரத்தைப் பார்த்து உலர்வதில்லை.

ஐரோப்பாவின் பெரும்பகுதியும், ஹவாயும் அரிஸோனாவின் பெரும்பகுதியும் நீங்கலாக அமெரிக்க ஐக்கிய நாடுகளும் இம்முறையை அனுசரிக்கின்றன. ரஷ்யாவும் துருக்கியும் ஆண்டுக்கு இருமுறை முள்ளைத் திருப்பும் வழக்கத்தைக் கைவிட்டுவிட்டன. கோடை தலைகீழாக வரும் தெற்கே, நியூ சவுத் வேல்ஸ் அக்டோபரில் முள்ளை முன்னே வைத்து ஏப்ரலில் பின்னே வைக்கிறது. அதைச் சேர்ந்த லார்ட் ஹோவ் தீவில் மட்டும் மாற்றம் அரை மணி நேரந்தான்.

பூமத்தியரேகையை அண்டிய தேசங்களிலோ பகலின் நீளம் ஆண்டு முழுவதும் அதிகம் வேறுபடாமையால், காலையிலிருந்து எடுத்து மாலைக்குக் கொடுக்க உபரியான வெளிச்சம் இல்லை. நம் இந்தியாவில் இரண்டாம் உலக யுத்தத்தின்போது 1942 முதல் 1945 வரை கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே ஓடின; அதுவும் யுத்தத்தை உத்தேசித்துச் செய்த ஏற்பாடேயன்றிக் கோடையைக் கருதியதன்று.