மணியைக் கட்டிவைத்த இரவு
கோழியைக் காக்கும் நாய்கள் இருக்கின்றன. அவற்றுக்கு எதிரியை வளர்ப்பவர்கள் நாம்தான்

காங்கேயத்துக்குத் தெற்கே, கிளுவை வேலிக்குள் தனியாக நிற்கும் தோட்டத்து வீடு என் பெரியம்மாவுடையது. விடிந்ததும் கோழிகளை மூடிவைத்த கொடாப்பைத் தூக்குவார். இறகை உதறிக்கொண்டு கோழிகள் வெளியே வரும். வாசலில் படுத்திருக்கும் மணி தலையை நிமிர்த்தி, எண்ணிப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி முன்னங்கால்மேல் தாடையை வைத்துக்கொள்ளும்.

மணி சாதி நாய் அல்ல. யாரோ சந்தையில் விட்டுப் போன குட்டி. நாட்டுக்கோழி வளர்ப்பு என்றாலே தீவனம், கழிச்சல் தடுப்பூசி, முட்டை விலை என்று எழுதுவார்கள். அதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் போனது மணிக்காக.

மூக்கில் விழுந்த கொத்து

“நாயும் கோழியும் ஒரே வாசல்ல எப்படிங்க பெரியம்மா?” என்று கேட்டேன்.

“நாய்க்குக் கோழின்னா ஊட்டு ஆளுன்னு தெரியோணும் கண்ணு. கோழி நாயைக் கண்டு ஓடக் கூடாது. ஓடுனாத்தான் அதுக்குத் தொரத்தத் தோணும்” என்றார்.

மணி வந்தபோது அதற்கு நாற்பது நாள் இருக்கும். அதே வாரம் ஒரு பெட்டை குஞ்சு இறக்கியிருந்தது. புதிதாக என்ன நகர்கிறதென்று பார்க்க மணி குஞ்சுகளுக்குள் மூஞ்சியை நுழைத்தது. தாய்க்கோழி உடம்பைச் சிலிர்த்து இரண்டு மடங்காக்கி மூக்கிலேயே கொத்தியது. மணி அலறிக்கொண்டு ஆட்டுக்கல்லுக்குப் பின்னால் ஒளிந்தது. பாடம் அங்கேயே முடிந்தது.

பெரியம்மா தற்செயலாகச் செய்தது பலித்ததற்குக் காரணம் உண்டு. பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரை நாய்க்குட்டி யாருடன் பழகுகிறதோ அவர்களைத் தன் கூட்டமாக எடுத்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் கோழியைப் பார்த்தே இராத நாய்க்கு, வளர்ந்தபின் சிறகடித்து ஓடுகிற எதுவும் துரத்த வேண்டிய பொருள்தான். கோபமோ பசியோ இதில் இல்லை. முயல் விரட்டவே வளர்க்கப்பட்ட சிப்பிப்பாறை, கன்னி வகைகளிடம் இரண்டு மடங்கு பொறுமை வேண்டும்.

பெரியம்மா வேறு சில விதிகளும் வைத்திருக்கிறார். கொடாப்பைத் தூக்கும் முன் நாய்க்குச் சோறு வைத்துவிட வேண்டும். உடைந்த முட்டையைத் தவறிக்கூட அதன் பக்கம் போடக் கூடாது. வளர்ந்த நாயை வாங்கி வந்தால், முதல் சில மாதம் கயிற்றைக் கையில் பிடித்தபடியேதான் கோழிகளுக்கு நடுவே உட்காரவைக்க வேண்டும். பேசாமல் படுத்திருந்தால் ஒரு வாய் தின்னக் கொடுக்கலாம். எழுந்து பாய்ந்தால் ஒரு அதட்டல். ஆளில்லாமல் விடுவது கடைசியில்.

நேரத்துக்கொரு எதிரி

பகலில் பருந்தும் வல்லூறும் கீரியும். பொழுது சாயும்போது காட்டுப்பூனை. இரவில் மரநாய், பெருச்சாளி, முட்டைக்கு வரும் பாம்பு. இது இன்றைய கணக்கு அல்ல. வேலியோரம் மாலையில் வெருகுகள் வந்ததைக் கண்டு பேடை தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கும் காட்சியை ஒக்கூர் மாசாத்தியார் குறுந்தொகையின் 139-ஆம் பாட்டிலேயே வைத்துவிட்டார். வெருகு என்றால் காட்டுப்பூனை. அந்தப் பேடைக்குத் துணையாக வாசலில் நாய் எதுவும் பாட்டில் இல்லை.

மணி இருக்கிற வாசலில் கதை வேறு. வானத்தில் பருந்தைக் கண்டால் சேவல் ஒரு விதமாகவும், தரையில் வரும் கீரியைக் கண்டால் வேறு விதமாகவும் குரல் கொடுக்கும். மணிக்கு இரண்டும் தெரியும். முதல் குரலுக்கு மேலே பார்த்துக் குரைக்கும். இரண்டாவதற்கு நேரே வேலிக்கு ஓடும்.

நாய் பறவையைக் காப்பது இங்கே மட்டும் இல்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் வார்னம்பூல் ஊரையொட்டி மிடில் ஐலண்ட் என்றொரு குட்டித் தீவு. கடல் வற்றும் நேரத்தில் நரிகள் நடந்தே போய் அங்கிருந்த சிறு பெங்குவின்களைக் கொன்று தீர்த்தன. சில நூறு இருந்த பறவைகள் விரல்விட்டு எண்ணும்படி ஆயின. வழி சொன்னவர் ஒரு கோழிப்பண்ணைக்காரர். தன் கோழிகளை மரெம்மா வகை நாய்கள் காப்பதுபோல் பெங்குவினையும் காக்கும் என்றார். 2006-இல் நாய்கள் தீவுக்குப் போயின. பெங்குவின்கள் பெருகின. 2015-இல் இந்தக் கதை ‘ஆட்பால்’ என்ற படமாகவும் வந்தது. வாசலில் படுத்திருக்கும் மணிக்குப் படம் எடுக்க ஆளில்லை, அவ்வளவுதான்.

அந்த ஆடி மாதம்

இனி சொல்வது என் குற்றம். ஆடி நோன்புக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். என் பையனுக்கு நாய் என்றால் நடுக்கம். “ரெண்டு நாளைக்குக் கட்டிப் போட்டுருங்க பெரியம்மா” என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கிணற்றடிச் சங்கிலியை எடுத்தார். பூனைக்கு மணி கட்டுவது யார் என்று ஊரெல்லாம் கேட்கும். நான் மணியையே கட்டவைத்தேன்.

நள்ளிரவில் மணி விடாமல் குரைத்தது. பையன் தூக்கம் கெடுகிறதே என்று எரிச்சல்பட்டேன். விடிந்து பார்த்தால் கொடாப்பு கவிழ்ந்து கிடந்தது. 14 கோழிகள் செத்துக் கிடந்தன. தின்னப்பட்டது இரண்டோ மூன்றோ. மற்றவை கடித்து உதறப்பட்டுக் கிடந்தன. மரநாய் அப்படிச் செய்யாது, நாலைந்து தெருநாய்களின் வேலை இது என்றார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். அவர் பட்டியில் முந்தைய மாதம் ஆறு செம்மறிகள் போயிருந்தன. காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்தில் ஆடு வளர்ப்பவர்கள் இழப்பீடு கேட்டுத் தெருவுக்கு வந்த காரணம் இதுதான்.

சுவை பழக்கியது யார்?

அந்த நாய்கள் எங்கிருந்து வந்தன? அடுத்த நாள் புறவழிச்சாலைப் பாலத்தடியில் பார்த்தேன். வெள்ளைச் சாக்கு மூட்டைகள், கிழிந்த வாயில் இறகும் குடலும் தலைகளும். சுற்றிலும் ஏழெட்டு நாய்கள். ஊருக்கு ஊர், பாலத்துக்குப் பாலம் இதே காட்சிதான். இரண்டு கிலோ கறிக்கோழியை உரித்தால் அரைக் கிலோவுக்கு மேல் கழிவாகப் போகிறது. ஒரு கடை ஞாயிற்றுக்கிழமை நூறு கோழி உரித்தால் எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளலாம். முறையாக அரைத்துத் தீவனமாகவோ உரமாகவோ மாற்ற வழி இருக்கிறது. அதற்குச் செலவு. பாலத்தடி இலவசம்.

கம்பிவலை நன்றாகப் போட்டால் நாயே வேண்டாம் என்பவர்கள் உண்டு. தெருநாய்க்குக் கருத்தடை ஒன்றே தீர்வு என்பவர்களும் உண்டு. இரண்டும் வேண்டியவைதான். ஆனால் நாள்தோறும் மூட்டை மூட்டையாகப் பச்சைக் கோழி விருந்து வைத்துவிட்டு, அந்த வாசம் வீசும் கொடாப்பைத் தொடாதே என்று எந்த நாயிடம் சொல்ல முடியும்? பெரியம்மா உடைந்த முட்டைகூடக் காட்டாமல் ஒரு நாயை வளர்த்தார். நாம் சாலையோரத்தில் ஒரு கூட்டத்துக்கே சுவை பழக்குகிறோம். கடைக்கழிவு குறைந்துபோனால் அவை தோட்டங்களை நோக்கித் திரும்புகின்றன.

போன மாதம் மறுபடி போனேன். வாசலில் புதிதாக எட்டுக் குஞ்சுகள். மணி தளர்வாகப் படுத்திருக்க, ஒன்று அதன் வாலோரம் கிளறிக்கொண்டிருந்தது. அந்தச் சங்கிலியில் இப்போது தண்ணீர் வாளி தொங்குகிறது. “இனி யாரு வந்தாலும் அது அவுந்துதான் கெடக்கும்” என்றார் பெரியம்மா, என்னைப் பார்க்காமல்.

ஊர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை, வழக்கமான கடையில் ஒரு கிலோ கேட்டுவிட்டு நின்றேன். மேசைக்குக் கீழே நீல டிரம் விளிம்பு வரை நிறைந்திருந்தது.

“இதெல்லாம் எங்கண்ணே போகுது?”

“சாயங்காலம் ஒரு வண்டி வரும், எடுத்துட்டுப் போயிருவாங்க.”

“எங்கே கொண்டு போவாங்க?”

கத்தி ஒரு நொடி நின்றது. “அடுத்து யாருங்க?” என்றார்.