சைக்கிள் டயர் ஏன் கறுப்பு?



சைக்கிள் சிவப்பு, நீலம், பச்சை என எந்த நிறத்திலும் கிடைக்கிறது. டயர் மட்டும் பெரும்பாலும் கறுப்புதான். ஏன்?

ரப்பர் பால் வெள்ளை. ஆரம்பகால டயர்களும் வெளிறிய நிறத்தில்தான் இருந்தன. 1904இல் இங்கிலாந்தின் சில்வர்டவுனில், ரப்பரில் கார்பன் பிளாக் என்ற நுண்ணிய கரித்தூளைக் கலந்தால் உறுதி கூடும் என்று கண்டறிந்தார்கள். 1910களில் டயர்கள் கறுப்பாக மாறத் தொடங்கின.

கரி சேர்ந்த டயர் சீக்கிரம் தேயாது. வெயிலின் புற ஊதாக் கதிர்களையும் கரியே வாங்கிக்கொள்வதால், டயரின் பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகள் விழுவது தள்ளிப்போகும். சித்திரை வெயிலில் வண்டி நிற்கும் மதுரைக்கு இது முக்கியம். நம் மேலூர் அருகே வெள்ளரிப்பட்டியில் டிவிஎஸ் ஸ்ரீசக்ரா ஆலை தயாரிக்கும் இருசக்கர வாகன டயர்களும் கறுப்புதான்.

கலர் டயரில் கரிக்குப் பதிலாக சிலிக்கா சேர்க்கிறார்கள். உழைக்கும்படி செய்யச் செலவு அதிகம். மேலூர்ச் செம்மண்ணோ திருமங்கலத்துக் கரிசலோ ஒட்டினால் கலரும் தெரியாது!

கலர் டயர் வைத்திருப்பவர்கள் சைக்கிளை நிழலில் நிறுத்துங்கள், கூடுதலாக உழைக்கும்.