பூட்டிய தியேட்டருக்குப் புது உயிர்: கேபினுக்குள் நுழைந்த கம்ப்யூட்டர்

லால்குடியில் இருந்து திருச்சி சுமார் 20 கிலோமீட்டர்தான். பஸ்ஸும் உண்டு, ரயிலும் உண்டு. திருச்சிக்குப் போய் ஏ.சி. தியேட்டரில் படம் பார்த்துவிட்டு வீடு திரும்பிவிடலாம். அப்படியிருக்க, லால்குடி மாதிரி ஊர்களில் பூட்டிக் கிடக்கும் ஒற்றைத் திரை தியேட்டரைப் புதுப்பித்துத் திறந்தால் கூட்டம் வருமா?

வரும் என்று நம்பிப் பணம் போடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வாங்கும் பொருட்களில் பெரிய செலவு பிடிப்பது எது தெரியுமா? கம்ப்யூட்டர்தான்! இன்றைய சினிமா கேபினில் இருப்பது ஒரு சர்வர், ஒரு ப்ரொஜக்டர், ஒரு ஆடியோ பிராசசர். மூன்றும் நெட்வொர்க் கேபிளால் இணைக்கப்பட்டவை. ஆனால் அந்தப் பெட்டிகளை வாங்கி வைத்தால் மட்டும் தியேட்டர் பிழைத்துவிடாது. எது பிழைக்க வைக்கும் என்று பார்ப்போம்.

திருச்சியில் தொடங்கிய கதை

தென்னிந்திய சினிமா வரலாற்றில் திருச்சிக்கு முக்கிய இடம் உண்டு. 1905ல் இங்கே ரயில்வேயில் வரைவாளராக வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் இருந்து ப்ரொஜக்டரையும் படச் சுருள்களையும் விலைக்கு வாங்கினார். வேலையை விட்டார். ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். பிறகு 1914ல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தர தியேட்டரைக் கட்டினார். கோவையில் வெரைட்டி ஹால் ரோடு என்ற பெயர் இன்றும் இருக்கிறது.

அவர் செய்ததும் ஒரு தொழில்நுட்ப முதலீடுதான். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. அவர் வாங்கிய மெஷின் முழுக்க அவருடையது. பழுதானால் திறந்து பார்க்கலாம். யாரிடமும் அனுமதி கேட்காமல் எப்போது வேண்டுமானாலும் ஓட்டலாம். இன்றைய சர்வரில் அது முடியாது. ஏன் என்று பின்னால் பார்ப்போம்.

இடித்தவர்கள், பிரித்தவர்கள், காப்பாற்றியவர்கள்

பழைய தியேட்டர்களுக்குப் பொதுவாக மூன்று முடிவுகள்தான். முதலாவது, இடிப்பது. 1952ல் பராசக்தி படத்துடன் திறக்கப்பட்ட மதுரை தங்கம் தியேட்டர் இன்று இல்லை. இரண்டாவது, பிரிப்பது. கொச்சியின் புகழ்பெற்ற ஒற்றைத் திரை தியேட்டரான ஷேணாய்ஸ், 2021ல் பல திரைகளாக மாறித் திறந்தது.

மூன்றாவது வழிக்கு நல்ல உதாரணம் திருச்சூரில் உள்ள ராகம். 1974ல் நெல்லு என்ற மலையாளப் படத்துடன் தொடங்கிய தியேட்டர் இது. 2015ல் மூடப்பட்டது. 2018ல் மீண்டும் திறந்தபோது, ஹாலைத் துண்டு போடாமல் ஒற்றைத் திரையாகவே வைத்துக்கொண்டார்கள். உள்ளே 4கே ப்ரொஜக்ஷனும் டால்பி அட்மாஸ் ஒலியும் வந்தன. "பெரிய திரை, பெரிய கூட்டம்" என்ற பழைய கவர்ச்சியை விடாமல், தொழில்நுட்பத்தை மட்டும் மாற்றினார்கள்.

அமெரிக்காவில் ஹாலிவுட்டின் ஈஜிப்ஷியன் தியேட்டர் 1922ல் திறந்தது. நெட்பிளிக்ஸ் நிறுவனம் 2020ல் அதை வாங்கிப் புதுப்பித்து 2023ல் திறந்தது. டிஜிட்டல் வந்த பிறகும் அங்கே பிலிம் ப்ரொஜக்டர்களை எடுத்து எறியவில்லை. எளிதில் தீப்பிடிக்கும் பழைய நைட்ரேட் பிலிமைக்கூடப் பாதுகாப்பாக ஓட்டும் வசதி வைத்திருக்கிறார்கள். ஆனால் நெட்பிளிக்ஸிடம் இருக்கும் பணம் லால்குடிக்காரரிடம் இருக்காது. எனவே நம் ஊர்க் கணக்கைப் பார்ப்போம்.

படப்பெட்டி போய் ஹார்ட் டிஸ்க் வந்தது

35 எம்எம் பிலிம் ஒரு நிமிடத்துக்கு 90 அடி ஓடும். இரண்டரை மணி நேரப் படம் என்றால் 13,500 அடி, அதாவது 4 கிலோமீட்டருக்கு மேல். ஒவ்வொரு பிரிண்டுக்கும் செலவு அதிகம் என்பதால் குறைந்த எண்ணிக்கையில்தான் போடுவார்கள். முதலில் ஏ சென்டர் எனப்படும் பெரிய நகரங்கள், பிறகு பி, கடைசியில் சி. சின்ன ஊருக்குப் படப்பெட்டி வந்து சேரும்போது பிலிமில் கோடுகள் விழுந்திருக்கும், பாட்டில் பாதி வெட்டுப்பட்டிருக்கும்.

டிஜிட்டல் இந்த வரிசையை உடைத்தது. இந்தியாவில் 2005க்குப் பிறகு சென்னையைச் சேர்ந்த ரியல் இமேஜ் நிறுவனத்தின் க்யூப், சாட்டிலைட் வழியாகப் படம் அனுப்பும் யுஎஃப்ஓ போன்றவை சின்ன ஊர்களுக்கும் பரவின. சென்னையில் படம் வெளியாகும் அதே நாளில் லால்குடியிலும் வெளியிடலாம் என்ற நிலை வந்தது. பைலில் கோடு விழாது. நூறாவது காட்சியும் முதல் காட்சி போலவே இருக்கும். பூட்டிய தியேட்டரைத் திறக்கலாம் என்ற நம்பிக்கைக்கு முதல் காரணமே இதுதான்.

தியேட்டருக்கு வரும் பைல் தொகுப்புக்கு டிசிபி என்று பெயர். எம்பி4 போல ஒரே பைல் அல்ல. ஒவ்வொரு பிரேமும் ஜேபெக் 2000 முறையில் தனிப் படமாகச் சுருக்கப்பட்டிருக்கும். ஒலி சுருக்கப்படாமல் இருக்கும். வினாடிக்கு அதிகபட்சம் 250 மெகாபிட். இரண்டரை மணி நேரத்துக்குக் கணக்கிட்டால் 280 ஜிபி வரை போகும். நீங்கள் வீட்டில் பார்க்கும் ஒற்றை அடுக்கு டிவிடியின் மொத்தக் கொள்ளளவு 4.7 ஜிபிதான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

சாவி யார் கையில்?

டிசிபி கைக்கு வந்துவிட்டால் படம் ஓடிவிடுமா? ஓடாது. அது என்கிரிப்ட் செய்யப்பட்டது. திறப்பதற்கு கேடிஎம் என்ற சாவி பைல் வேண்டும். அளவில் சில கிலோபைட்தான். பெரும்பாலும் ஈமெயிலிலேயே வந்துவிடும். ஆனால் அது ஒரு குறிப்பிட்ட சர்வரில் மட்டும், குறிப்பிட்ட தேதி நேரத்தில் இருந்து குறிப்பிட்ட தேதி நேரம் வரை மட்டும் வேலை செய்யும். சர்வர் பழுதாகி வேறொன்றை மாட்டினால் பழைய சாவி செல்லாது. பணத் தகராறில் சாவி வராமல், முதல் நாள் காலைக் காட்சி ரத்தான செய்திகளை நீங்களே படித்திருப்பீர்கள்.

இன்னொரு விஷயம் கட்டணம். டிஜிட்டல் கருவிகளை நிறுவனங்கள் தவணை முறையிலும் வாடகையிலும் தியேட்டர்களில் வைத்தன. அந்தச் செலவை ஈடுகட்ட, ஒவ்வொரு படத்துக்கும் தயாரிப்பாளர்களிடம் விபிஎஃப் என்ற கட்டணம் வாங்கப்பட்டது. இதை எதிர்த்து 2018 மார்ச் 1 முதல் தமிழ்த் தயாரிப்பாளர்கள் புதுப்படங்களை வெளியிடாமல் நிறுத்தினார்கள். ஏப்ரலில்தான் நிலைமை சீரானது. பழைய படங்களை வைத்து ஓட்ட வேண்டிய நிலையும் வந்தது.

எனவே தியேட்டரைப் புதுப்பிப்பவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் மூன்றைக் கேட்க வேண்டும். கருவி யாருக்குச் சொந்தம்? தவணை முடிந்தபின் மாதக் கட்டணம் எவ்வளவு? பழுதானால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார்?

டிசிஐ தரச் சான்று உள்ள கருவியா என்பதையும் பாருங்கள். ஹாலிவுட் படங்கள் இந்தச் சான்று உள்ள தியேட்டர்களுக்கே தரப்படுகின்றன. விலை குறைந்த இ-சினிமா கருவியில் தமிழ்ப் படம் ஓடும், அது ஓடாது.

வெளிச்சக் கணக்கு

வீட்டு ப்ரொஜக்டர் 3,000 லூமன் என்று விளம்பரத்தில் பார்க்கிறோம். தியேட்டருக்கு எவ்வளவு வேண்டும்? சினிமாஸ்கோப் திரையின் அகலத்தை 2.39 ஆல் வகுத்தால் உயரம். 40 அடி அகலம் என்றால் உயரம் 16.7 அடி, பரப்பு சுமார் 670 சதுர அடி. தரநிலைப்படி ஒரு சதுர அடிக்கு 14 லூமன் திரையில் விழ வேண்டும். மொத்தம் சுமார் 9,400 லூமன். கண்ணாடியிலும் லென்சிலும் போகிற இழப்பைச் சேர்த்தால் ப்ரொஜக்டர் இதைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். 30 அடித் திரைக்கு இதே கணக்கு 5,300 லூமன்தான். பத்து அடி குறைத்தால் தேவை கிட்டத்தட்டப் பாதி ஆகிவிடுகிறது. சின்ன ப்ரொஜக்டரை வாங்கிப் பெரிய திரையில் போட்டால் படம் மங்கும். இரவுக் காட்சிகளில் கதாநாயகன் முகமே தெரியாது.

அடுத்து விளக்கு. செனான் விளக்கு 1,500 மணி நேரம் உழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தினம் நான்கு காட்சி, 12 மணி நேரம் என்றால் 125 நாளில் மாற்ற வேண்டும். லேசர் ப்ரொஜக்டரின் ஒளி 20,000 மணி நேரம் நிற்கும் என்றால் நாலரை வருடம் ஓடும். வாங்கும் விலை அதிகம்தான். ஆனால் விளக்குச் செலவு, கரண்ட், கேபின் ஏ.சி. எல்லாவற்றையும் எக்செல் ஷீட்டில் ஐந்து வருடத்துக்குப் போட்டுப் பார்த்த பிறகு முடிவு செய்வது நல்லது.

பிலிம் ப்ரொஜக்டர் கரண்ட் வந்ததும் விட்ட இடத்தில் தொடங்கிவிடும். சர்வர் அப்படி அல்ல. பூட் ஆகவே சில நிமிடம் எடுக்கும். யுபிஎஸ் இல்லாத கேபினில் விசில் சத்தம்தான் கேட்கும்!

காசு போட வேண்டிய இடம்: சுவர்

புதுப்பிப்பவர்கள் பலர் கோட்டை விடுவது இங்கேதான். பழைய தியேட்டர்கள் திரைக்குப் பின்னால் இருந்து வரும் ஒற்றை ஒலிக்காகக் கட்டப்பட்டவை. வெறும் சுவர், சிமெண்ட் தரை, உயரமான கூரை. அங்கே நாலா பக்கமும் ஸ்பீக்கர் மாட்டினால் வசனம் எதிரொலியில் கரைந்துவிடும்.

இதற்கும் எளிய சூத்திரம் உண்டு. ஹாலின் கன அளவை 0.161 ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் மொத்தப் பரப்பால் வகுத்தால் எதிரொலி நேரம் வினாடியில் கிடைக்கும். 30 மீட்டர் நீளம், 18 மீட்டர் அகலம், 9 மீட்டர் உயரம் உள்ள ஹாலின் கன அளவு 4,860. உறிஞ்சும் பரப்பு 300 சதுர மீட்டர் என்றால் எதிரொலி 2.6 வினாடி. சினிமாவுக்கு இது 1 வினாடிக்கு அருகில் இருக்க வேண்டும். அதற்கு உறிஞ்சும் பரப்பு 780 சதுர மீட்டர் வேண்டும். துணி போர்த்திய கண்ணாடிக் கம்பளிப் பலகை, மெத்தை சீட், தரைவிரிப்பு எல்லாம் இதற்குத்தான். எதிரொலிக்கும் ஹாலில் அட்மாஸைவிட, சரி செய்த ஹாலில் சாதாரண 5.1 நன்றாகக் கேட்கும். ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச சாப்ட்வேரையும் அளவிடும் மைக் ஒன்றையும் வைத்து, லேப்டாப்பிலேயே எதிரொலியை அளந்துவிடலாம்.

ஆனால் மலிவு என்பதற்காகத் தெர்மோகோலை ஒட்டாதீர்கள். தீப்பிடித்தால் நச்சுப் புகை கக்கும். 1997 ஜூன் 13 அன்று டெல்லி உப்ஹார் தியேட்டரில் டிரான்ஸ்பார்மரில் தொடங்கிய தீ 59 பேரைப் பலி கொண்டது. கூடுதல் சீட்டுகளால் அடைபட்ட வழியே அங்கே பலருக்கு எமனானது. சீட்டு எண்ணிக்கையைக் கூட்டும்போது இதை மறக்கவே கூடாது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையை உடைத்து எடுப்பதும் ஆபத்து. அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும்.

உங்கள் வீட்டிலேயே டிசிபி

புதிதாகத் திறக்கும் ஊர் தியேட்டரால் உங்களுக்கும் ஒரு லாபம் உண்டு. நீங்கள் எடுத்த குறும்படத்தை அந்தத் திரையில் போடலாம். டிசிபி-ஓ-மேட்டிக் என்ற இலவச சாப்ட்வேர் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

1. உங்கள் வீடியோ பைலைச் சேருங்கள்.
2. அகலப் படம் என்றால் ஸ்கோப் (2048 x 858), இல்லாவிட்டால் பிளாட் (1998 x 1080) தேர்ந்தெடுங்கள்.
3. பிரேம் ரேட்டை 24 ஆக வையுங்கள். எல்லா சர்வரும் ஏற்கும்.
4. என்கிரிப்ஷனை ஆஃப் செய்யுங்கள். அப்போது கேடிஎம் தேவையில்லை.
5. டிசிபியை உருவாக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். பழைய கம்ப்யூட்டர் என்றால் இரவு முழுக்க ஆகலாம்.

டிஸ்க்கை இஎக்ஸ்டி3 முறையில் பார்மட் செய்து கொடுத்தால் சர்வர்கள் பிரச்சினையின்றி எடுத்துக்கொள்ளும். ஒரு நாள் முன்னதாகவே கொடுத்துச் சோதித்துவிடுங்கள்.

முடிவாக ஒரு கணக்கு

2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்தில் இருந்து 5 ஆகக் குறைந்தது. அதற்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 18 சதவீதம். குறைந்த விலையில் டிக்கெட் விற்கும் சின்ன ஊர் தியேட்டருக்கு இது கைகொடுக்கும்.

டிஜிட்டல், லால்குடிக்கும் சென்னைக்கும் இருந்த நாள் வித்தியாசத்தைத் துடைத்துவிட்டது. படம் இருவருக்கும் ஒன்றுதான். இனி ரசிகர் திருச்சிக்கு பஸ் ஏறாமல் இருக்கக் காரணம், நல்ல வெளிச்சம், தெளிவான வசனம், உட்காரத் தகுந்த சீட், சுத்தமான கழிப்பறை ஆகியவைதான். சர்வரை எல்லோரும் வாங்கிவிடலாம். மிச்சப் பணத்தைச் சுவரிலும் சீட்டிலும் போடுபவர்தான் தியேட்டரைத் திறந்தே வைத்திருப்பார்.